நல்ல டூல் வந்த பிறகு செய்வம்: ஒரு விமான விளையாட்டின் வரலாறு

கடந்த விடுமுறையில் எமது தரம் 11 மாணவன் ஒருவன் லெப்டொப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தான். கட்டாரிலிருந்து வந்த அவனுடைய மாமாவின் லெப்டொப் அது. அதில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிளைட் சிமுலேட்டர் இருந்தது. விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு என்று சுருக்கமாகச் சொல்லலாம். மட்டக்களப்பு விமான நிலையத்தில் ஏறி, கரையோரமாகத் தெற்கே பறந்து, எமது ஊருக்கு மேலே கொண்டு வந்து காட்டினான்.

கடல் சரியாக இருந்தது. களப்பு சரியாக இருந்தது. வயல்களும் வீதிகளும் செய்மதிப் படத்தில் உள்ளபடியே இருந்தன. ஆனால் எமது பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் தட்டைக் கூரையோடு ஒரு மாடிவீடு நின்றது. மினாரா இல்லை. பாடசாலை மண்டபம் ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கும் ஓட்டுவீடு போல நின்றது.

"சேர், நம்மட பள்ளியப் பாருங்க. இது பள்ளியா?" என்று கேட்டான். இருவரும் சிரித்தோம். பிறகு நாம் கேட்டோம், "இத மாத்த ஏலாதா?" என்று.

"ஏலும் சேர். வெளியாக்கள் செய்யிறதுக்கு டூல் குடுத்திருக்காங்க. ஆனா அது இன்னும் சரியில்லயாம். நல்ல டூல் வந்த பொறகு செய்வம்."

அந்தக் கடைசி வசனம் எமக்குப் பழக்கமான வசனம். நல்ல ஆய்வுகூடம் வந்த பிறகு செய்முறைப் பாடம் செய்வம், நல்ல கணினி வந்த பிறகு படிப்பம் என்று ஆசிரியர்களாகிய நாமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம். அதனால் அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த விளையாட்டின் வரலாற்றை அவனுக்குச் சொன்னோம். நாற்பது வருடங்களுக்கு மேலான அந்த வரலாறு முழுவதிலும் நல்ல கருவிக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்பதுதான் விசயம். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

*1. நான்கு இடங்கள் மட்டும் இருந்த உலகம்*

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர், 1975இல் தனது ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வித்தியாசமான தலைப்பை எடுத்தார். பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணினித் திரையில் கோடுகளால் வரைந்து காட்டுவது எப்படி என்பதே அது. அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவரும்கூட. பின்னர் இதைப் பற்றிச் சஞ்சிகையில் எழுதியபோது, இந்த மென்பொருளை விலைக்கு வாங்க முடியுமா என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1977இல் சப்லொஜிக் என்ற சிறு நிறுவனம் பிறந்தது. 1979, 1980 காலப்பகுதியில் அப்பிள் 2 கணினிக்கான முதல் பிளைட் சிமுலேட்டர் வெளிவந்தது. நிலம் என்பது சில கோடுகள், மலை என்பது இன்னும் சில கோடுகள். அவ்வளவுதான்.

1982 நவம்பரில் மைக்ரோசொப்ட் அதே ஆர்ட்விக்கின் மென்பொருளை ஐ.பி.எம். கணினிக்காக வெளியிட்டது. விண்டோஸ் பிறப்பதற்கு முந்திய கதை இது. அந்தக் காலத்தில் ஒரு கணினி உண்மையிலேயே ஐ.பி.எம். கணினிக்கு நிகரானதா என்று பார்க்க, இந்த விளையாட்டைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்களாம்.

அந்த முதல் பதிப்பின் உலகத்தில் நான்கு பகுதிகள்தான் இருந்தன: சிக்காகோ, சியாட்டில், லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் பொஸ்டன் பக்கம். நான்கும் அமெரிக்கா. மற்ற நாடுகள் எல்லாம் வெறும் வெளி. ஆகவே மக்களின் முதல் கேள்வியே "எங்கட ஊர் எங்கே?" என்பதாக இருந்தது. சப்லொஜிக் நிறுவனம் அமெரிக்காவின் மற்றப் பகுதிகளைத் தனித்தனி டிஸ்க்குகளாக விற்றது. உலகத்தை ஒரு நிறுவனம் மட்டும் வரைந்து முடிக்க முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1989இல் நான்காம் பதிப்பு வந்தது. அதற்கென விமானத்தையும் நிலக்காட்சியையும் பாவனையாளரே வடிவமைக்கும் துணை மென்பொருள் ஒன்று தனியாக விற்பனைக்கு வந்தது. வெளியாரின் கையில் நிறுவனமே கொடுத்த முதல் கருவிகளில் அதுவும் ஒன்று. அதைக் கொண்டு ஒரு ஓடுபாதையை வைக்கலாம், ஒரு கட்டடத்தை வைக்கலாம். ஆனால் மனிதருக்கு ஆசை அதோடு நிற்குமா?

*2. பூட்டைத் திறந்தவர்கள்*

1993இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. நிலக்காட்சி இப்போது கோடுகளாக இல்லாமல் படங்களாகத் தெரிந்தது. அந்தக் காட்சிக் கோப்புகள் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதற்குப் போதிய விளக்கம் வெளியாருக்குக் கிடைக்கவில்லை.

ஜேர்மனியைச் சேர்ந்த மான்ஃபிரட் மோல்டன்ஹவர் என்பவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்தக் கோப்புகளைத் திறந்து, எந்த எண் எந்த வேலையைச் செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, "ஸ்காசம்" என்ற கருவியை எழுதினார். உலகெங்கும் பல இளைஞர்கள் தங்கள் ஊர் விமான நிலையத்தை வரைந்தது அந்தக் கருவியால்தான். அதில் படத்தைச் சுட்டியால் இழுத்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. கட்டடத்தின் ஒவ்வொரு மூலையையும் எண்ணாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

இதே போன்று இன்னொன்று. விளையாட்டுக்குள் விமானத்தின் உயரம் என்ன, வேகம் என்ன என்ற தகவலை வெளியே உள்ள இன்னொரு மென்பொருள் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மரப்பலகையால் விமானி அறை கட்டுபவர்களுக்கு இது அவசியம். உண்மையான மானியில் முள் அசைய வேண்டுமே. அதற்கு மைக்ரோசொப்ட் வழி வைக்கவில்லை. முதலில் அடம் சோஃப்ரன் என்பவர் அதற்கு ஒரு சிறு மென்பொருள் எழுதினார். பின்னர் பிரித்தானியாவின் பீட் டோசன் அதை வளர்த்து, எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி. என்ற பெயரில் பல வருடங்கள் பராமரித்தார். அந்தச் சிறு பாலத்தின் மேல் எத்தனையோ மென்பொருட்கள் நடந்து போயின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2006 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் பத்தாம் பதிப்பை வெளியிட்டது. எஃப்.எஸ்.எக்ஸ். என்று பெயர் பெற்ற பதிப்பு அது. அதில் "சிம்கனெக்ட்" என்ற உத்தியோகபூர்வக் கதவு ஒன்று முதன்முதலாகத் திறக்கப்பட்டது. வெளி மென்பொருட்கள் விளையாட்டோடு பேசுவதற்கான கதவு. வெளியார் தம் கையால் போட்ட ஒற்றையடிப் பாதையில் பல வருடங்களுக்குப் பிறகு நிறுவனம் தார் ஊற்றியது போலத்தான் இது. மக்கள் நடந்து காட்டியிராவிட்டால் அங்கே பாதை தேவை என்பதே யாருக்கும் தெரிந்திராது.

*3. கருவிக்கும் விலை உண்டு*

நாம் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் விடுதியில் ஒரு நண்பனின் கணினியில் இந்த எஃப்.எஸ்.எக்ஸ். இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அது கொப்பி அடித்த சீடி. அது சரியென்று இன்று சொல்ல மாட்டோம். அன்று எமக்கு அதில் எதையும் உருவாக்கும் எண்ணம் வரவில்லை. வந்திருந்தாலும் கருவிப் பொதி அதில் இருந்திருக்காது. ஏனென்றால் எஸ்.டி.கே. எனப்படும் அந்தப் பொதியை மைக்ரோசொப்ட் விலை கூடிய டீலக்ஸ் பதிப்போடுதான் வைத்திருந்தது. சாதாரணப் பதிப்பை வாங்கியவருக்கு விளையாட்டு மட்டும்.

எமது போன்ற நாடுகளில் இது சிறிய விசயமல்ல. ஒரு பள்ளிவாசலையோ பாடசாலையையோ முப்பரிமாணத்தில் வரைய ஒரு மென்பொருள் வேண்டும். தொழில்முறையில் பாவிக்கப்படுவது த்ரீ டி.எஸ். மேக்ஸ். அதன் விலைக்கு எமது ஊரில் எந்த மாணவனும் கிட்டப் போக முடியாது. 2001இல் வெளிவந்த பதிப்பில் மைக்ரோசொப்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. அதன் புரொபெசனல் பதிப்போடு "ஜிமேக்ஸ்" என்ற மென்பொருளைச் சேர்த்தது. த்ரீ டி.எஸ். மேக்ஸின் சுருக்கப்பட்ட, இலவசமான தம்பி அது. அந்த ஒரு கருவி கிடைத்த பிறகு உலகெங்கும் பலர் தம் வீட்டு மேசையிலிருந்து விமானங்களும் விமான நிலையங்களும் செய்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். அவர்களில் அநேகர் பொறியியலாளர்கள் அல்லர். ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், பகலில் வேறு தொழில் பார்த்தவர்கள்.

ஆனால் இலவசக் கருவிக்கும் ஆயுள் உண்டு. 2005இல் ஜிமேக்ஸை உருவாக்கிய நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. கையில் இருந்தவர்கள் பழைய பிரதியை வைத்துக்கொண்டு பல வருடங்கள் ஓட்டினார்கள்.

*4. கதவைச் சாத்தியபோது நடந்தது*

2009 ஜனவரியில் பொருளாதார நெருக்கடியில் மைக்ரோசொப்ட் ஆட்குறைப்புச் செய்தது. பிளைட் சிமுலேட்டரைச் செய்துவந்த ஏசஸ் என்ற பிரிவு முழுவதுமாக மூடப்பட்டது. செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாதாரணமாக அத்தோடு ஒரு விளையாட்டின் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. நிறுவனம் கைவிட்ட எஃப்.எஸ்.எக்ஸை வெளியார் உயிரோடு வைத்திருந்தார்கள். 2011இல் பி.எம்.டி.ஜி. என்ற வெளி நிறுவனம் அதற்காகச் செய்த போயிங் 737 விமானத்தில், உண்மையான விமானியின் கைநூலைப் பார்த்து ஆளிகளை அழுத்தலாம் என்ற அளவுக்கு வேலைப்பாடு இருந்தது. லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் அடிப்படை மென்பொருளின் உரிமத்தைப் பெற்று, 2010இலிருந்து பயிற்சித் தேவைகளுக்காகத் தனியாக வளர்த்தது. 2014 டிசம்பரில் வேறொரு நிறுவனம் எஃப்.எஸ்.எக்ஸை மீண்டும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2006இல் செய்த ஒரு பொருளை 2019இலும் ஆட்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடையில் மைக்ரோசொப்ட் மற்றொரு முயற்சி செய்தது. 2012 பெப்ரவரி 29 அன்று "மைக்ரோசொப்ட் பிளைட்" என்ற புதிய விளையாட்டு வந்தது. அடிப்படை விளையாட்டு இலவசம். பார்க்க அழகு. ஆனால் ஹவாய்த் தீவுகளோடு தொடங்கியது. வெளியாருக்கு எந்தக் கருவியும் இல்லை. புதிய விமானமோ புதிய இடமோ வேண்டுமென்றால் நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டும். தன் ஊரைத் தானே வரைய விரும்பியவனுக்கு அங்கே இடமில்லை. அதே ஆண்டு ஜூலையில், ஐந்து மாதங்கள் ஆவதற்குள், அதன் வேலைகள் நிறுத்தப்பட்டன.

அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்தவர்களே இல்லாமற்போன விளையாட்டு, வெளியாருக்குக் கருவி கொடுத்திருந்ததால் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. செய்தவர்கள் கூடவே இருந்த விளையாட்டு, கருவி கொடுக்காமல் ஒரு வருடத்தைக்கூடத் தாண்டவில்லை.

*5. 37,000 விமான நிலையங்கள், கையால் செய்தவை 30*

2020 ஒகஸ்ட் 18 அன்று புதிய பிளைட் சிமுலேட்டர் வெளிவந்தது. செய்தது பிரான்ஸின் போர்தோ நகரிலுள்ள எசோபோ என்ற நிறுவனம். மாணவன் எமக்குக் காட்டியது இதைத்தான். முழு உலகமும் பிங் வரைபடத்தின் செய்மதிப் படங்களிலிருந்து இணையம் வழியாக வருகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 150 கோடிக் கட்டடங்களை மனிதர் வரையவில்லை. மேலிருந்து எடுத்த படத்தைக் கணினி பார்த்து, இது வீடாக இருக்கும், இது மாடியாக இருக்கும் என்று ஊகித்துக் கட்டியது. ஒஸ்திரியா நாட்டு நிறுவனமொன்று அந்த வேலையைச் செய்தது.

எமது பள்ளிவாசல் மாடிவீடாக மாறியதன் காரணம் இதுதான். அந்தக் கணினிக்கு எம்மீது கோபமில்லை. அதற்கு மினாரா என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெளியீட்டில் 37,000 விமான நிலையங்கள் இருந்தன. அவற்றில் கையால் நுணுக்கமாகச் செய்யப்பட்டவை சாதாரணப் பதிப்பில் 30, விலை கூடிய பதிப்பில் 40. பூட்டானின் பாரோ அதில் உண்டு, நேபாளத்தின் லுக்லாவும் உண்டு. இலங்கையின் எந்த விமான நிலையமும் அந்த நாற்பதில் இல்லை. கட்டுநாயக்கவும் இல்லை, இரத்மலானையும் இல்லை. உலகத்தின் பெரும்பகுதிக்கு இதே நிலைதான். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் வெளியார்தான். அதற்குக் கருவி வேண்டும்.

ஒரு வேடிக்கையான சம்பவத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டு வெளியான நாட்களில் மெல்பேர்னின் புறநகர் ஒன்றில் வீடுகளுக்கு நடுவே வானைத் தொடும் ஒரு கோபுரம் நிற்பதைப் பறந்தவர்கள் கண்டார்கள். ஆராய்ந்தால், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற இலவச வரைபடத்தில், இரண்டு மாடி என்பதற்குப் பதிலாக 212 மாடி என்று ஒரு மாணவர் தவறுதலாகத் தட்டச்சுச் செய்திருந்தார். அந்தப் பிழை அந்த வரைபடத்தில் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் திருத்துவதற்கு முந்திய தரவு விளையாட்டுக்குள் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எமக்கு அதில் சிரிப்போடு இன்னொன்றும் தெரிந்தது. பெயர் தெரியாத ஒரு மாணவனின் விரல் பிழை உலகம் முழுவதும் தெரியும் கோபுரமாக எழும்புமென்றால், சரியான தகவலும் அப்படியே போய்ச் சேர வழியிருக்கிறது.

*6. புதிய காத்திருப்பு*

2020இல் வெளியாருக்கான கருவிப் பொதி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் அது முழுமையடையாத நிலையில் இருந்தது. எமது மாணவன் சொன்ன "சரியில்லயாம்" என்பது பொய்யல்ல.

கொஞ்சம் விளக்குவோம். பழைய எஃப்.எஸ்.எக்ஸில் வெளியார் எழுதும் மென்பொருள் கணினியின் உள்ளே எங்கும் கை வைக்கலாம். சுதந்திரம் அதிகம், ஆபத்தும் அதிகம். பிழையாக எழுதினால் விளையாட்டு முழுவதும் விழுந்துவிடும். புதியதில் வெளியாரின் மென்பொருளை "வெப் அசெம்பிளி" என்ற வேலி போட்ட முற்றத்துக்குள் விட்டார்கள். உள்ளே விளையாடலாம், வேலியைத் தாண்ட முடியாது. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் பல வருடங்களாகச் சேர்த்து வைத்த பழைய மென்பொருளை அந்த வேலிக்குள் கொண்டு வருவது பெரும் பாடாகிவிட்டது. பிழை எங்கே என்று தேடும் வசதிகளும் ஆரம்பத்தில் போதவில்லை. பயணிகள் விமானத்தில் மழை மேகத்தைக் காட்டும் ராடார் திரை இருக்கும் அல்லவா? அந்த மழைத் தரவை வெளியார் எடுத்துத் தம் விருப்பப்படி ராடார் செய்ய நீண்ட நாட்களாக வழி கொடுக்கப்படவில்லை. அது நிறுவனம் மட்டுமே திறக்கக்கூடிய கதவு. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். இதை மறைத்துவிட்டு, முயன்றால் எல்லாம் முடியும் என்று மாணவனுக்குச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் காத்திருந்தவர்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

பி.எம்.டி.ஜி. நிறுவனத்தாரின் இலக்கு 737 விமானம். அதற்கு முன்பாக 2021இல் டி.சி. 6 என்ற பழைய காலத்து விமானத்தை வெளியிட்டார்கள். சிக்கலான கணினித் திரைகள் இல்லாத விமானம் அது. 737 விமானம் 2022 மே மாதத்தில் வந்தது.

அதே மாதத்தில் ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு குழு எயார்பஸ் ஏ 320 விமானத்தை வெளியிட்டது. அவர்கள் விமானத்தின் மூளையை விளையாட்டுக்கு வெளியே தனி மென்பொருளாக ஓடவிட்டார்கள். வேலிக்குள் இடம் போதாதென்றால் வேலிக்கு வெளியே குடிசை போட்டுக்கொள்வோம் என்ற யோசனை.

ஃபிளை பை வயர் என்ற தொண்டர் குழு, விளையாட்டோடு வந்த சாதாரண எயார்பஸ்ஸை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தத் தொடங்கியது. எழுதியதை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்தார்கள். இன்றுவரை இலவசம்.

வேர்க்கிங் டைட்டில் என்ற சிறு குழு, விளையாட்டோடு வந்த விமானங்களின் திரைகள் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டு அவற்றைத் தாமே திருத்தி இலவசமாகக் கொடுத்தது. 2021இல் மைக்ரோசொப்ட் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு விமானத் திரைகள் செய்வதற்கான கருவிகளை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் அவர்களுடைய வேலையாகிவிட்டது. நேற்று கருவியில்லை என்று நின்றவர்களே இன்று கருவி கொடுப்பவர்கள்.

எமக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது: ஆரம்பத்தில் முப்பரிமாண உருவங்களைச் செய்ய உத்தியோகபூர்வ வழி அந்த விலை கூடிய த்ரீ டி.எஸ். மேக்ஸ்தான். "பிளெண்டர்" என்ற முற்றிலும் இலவசமான மென்பொருளில் செய்தவர்களுக்கு வழி இருக்கவில்லை. வெளியார் சிலர் பிளெண்டரிலிருந்து விளையாட்டுக்கு உருவங்களைக் கொண்டு செல்லும் இணைப்பைத் தாமாகவே எழுதினார்கள். பின்னர் எசோபோ நிறுவனமே பிளெண்டருக்கான உத்தியோகபூர்வ இணைப்பை வெளியிட்டது. எமது ஊர்ப் பிள்ளை இன்று ஒரு சதமும் செலவழிக்காமல் பள்ளிவாசலை வரையலாம் என்றால், முகம் தெரியாத அந்த மனிதர்கள் அன்று சும்மா இருக்காததும் அதற்கு ஒரு காரணம்.

2024 நவம்பர் 19 அன்று அடுத்த பதிப்பு வந்தது. புதிய பதிப்போடு புதிய கருவிகள், அவற்றோடு புதிய குறைகள், மீண்டும் காத்திருப்பு. இது முடியாத கதை. நல்ல கருவி வந்து சேர்ந்துவிட்டது, இனி எல்லோரும் தொடங்கலாம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு நாள் இந்த வரலாற்றில் இல்லை.

*7. இரவில் இடிக்கப்பட்ட விமான நிலையம்*

இதில் இவ்வளவு தூரம் அக்கறைப்பட என்ன இருக்கிறது, விளையாட்டுத்தானே என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

சிக்காகோவில் வாவிக் கரையோரம் மெய்க்ஸ் என்ற சிறிய விமான நிலையம் இருந்தது. பிளைட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளில் விளையாட்டு தொடங்கும் இடமே அதுதான். உலகெங்கும் பல இலட்சம் பேர் கணினியில் முதன்முதலாக ஏறிய ஓடுபாதை. 2003 மார்ச் 30ஆம் திகதி இரவு, நகர மேயரின் உத்தரவில் இயந்திரங்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் வடிவங்களைத் தோண்டின. விடிந்தபோது அங்கே விமானம் ஏறவும் இறங்கவும் முடியாது. பின்னர் அந்த இடம் பூங்காவானது.

எஃப்.எஸ்.எக்ஸ். வந்தபோது மெய்க்ஸ் அதில் இல்லை. உலகத்தில் இல்லாதது விளையாட்டிலும் இல்லை. ஆனால் வெளியார் கையில் கருவி இருந்தது. பழைய படங்களைப் பார்த்து அவர்கள் அதை மீண்டும் கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் விளையாட்டின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காக மைக்ரோசொப்டே மெய்க்ஸைத் திரும்பவும் சேர்த்தது.

ஓர் இடம் ஒரே நாளில் இல்லாமற்போவது என்றால் என்னவென்று எமது ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கரைப் பக்கத்து வீதிகள் வீடுகளோடும் மரங்களோடும் ஆட்களோடும் போயின. எமது தரம் 11 மாணவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த வீதிகள் எப்படி இருந்தன என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டு வருகிறார்கள். மெய்க்ஸைக் கட்டியவர்களின் கையில் கருவிக்கு முன்பே ஒன்று இருந்தது. படங்களும் அளவுகளும் நினைவும்தான் அது. கருவி இன்னும் பத்து வருடத்தில் மிக நன்றாகவே வரும். ஆனால் அப்போது அளவு சொல்ல எமது மூத்தோர் இருப்பார்களா?

இதைத்தான் அந்த மாணவனிடம் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எதுல தொடங்கிற சேர்?" என்று கேட்டான்.

பள்ளிவாசலில் தொடங்கினோம். மினாராவின் உயரம் நிர்வாக சபையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தரம் 11 கணிதப் பாடத்தில் சமகோண முக்கோணிகள் என்று ஒரு அலகு உண்டு. அசர் தொழுகைக்கு முன்னர் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நட்டோம். அதன் நிழல் 80 சென்ரிமீற்றர். அதே நேரத்தில் மினாராவின் அடி நடுவிலிருந்து நிழல் நுனிவரை 17.6 மீற்றர். அப்படியென்றால் உயரம் 22 மீற்றர். மாணவர் மூவர், ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி. இதற்கு எந்த எஸ்.டி.கே.யும் தேவைப்படவில்லை. வகுப்பில் அந்த அலகைப் படிப்பித்தபோது இவர்கள் மூவரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அவர்கள் பிரதான வீதியில் கடைகளின் மாடிகளை எண்ணிக்கொண்டு போகிறார்கள். தொலைபேசியிலேயே ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பில் பதிகிறார்கள். (212 மாடி என்று அடித்துவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறோம்.) பிளெண்டரில் ஒருவன் மினாராவைத் தொடங்கியிருக்கிறான். தற்போதைக்கு அது மெழுகுவர்த்தி போலத்தான் இருக்கிறது. எமது பாடசாலைக் கணினிகளில் பிளைட் சிமுலேட்டர் திறக்கவே திறக்காது. மாமாவின் லெப்டொப்பும் அவரோடு கட்டாருக்குத் திரும்பிப் போய்விட்டது. ஆகவே செய்ததை விளையாட்டுக்குள் வைத்துப் பார்க்க இப்போது வழியில்லை. அது வரும் வரை அளந்துகொண்டிருப்பார்கள்.

ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரை வீதி, பழைய சந்தைக் கட்டடம், பழைய பள்ளிவாசலின் முகப்பு ஆகியவற்றின் 2004க்கு முந்திய புகைப்படங்கள் உங்கள் அல்பங்களில் இருக்கலாம். கலியாண வீட்டுப் படத்தின் பின்னணியில் தெரிந்தாலும் போதும். ஒரு பிரதி தாருங்கள். படம் இல்லாவிட்டால், கிணறு எந்தப் பக்கம் இருந்தது, வேலி எங்கே முடிந்தது, யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் யாருடைய வீடு என்று உங்கள் உம்மா வாப்பாவிடம் கேட்டு எழுதித் தாருங்கள். பிள்ளைகள் கொப்பியோடு வீட்டுக்கு வருவார்கள். வந்தால் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பேசுங்கள்.